தட்டு மாறுவதற்கு முன்னால்

அன்றைக்கு அங்கே இருந்தவர்கள் யார் யார் என்று முதலில் எழுதிவிடுகிறேன், சரவணா. பின்னால் ஒருவரும் "நான் அங்க இல்லவே இல்லையே" என்று சொல்லிவிடக் கூடாது. சிதம்பரம் தெற்கு வீதியை ஒட்டிய சந்தில் உன் மாமனார் வீடு. கூடத்தில் பெரிய ஜமக்காளம் விரித்திருந்தார்கள். நம் பக்கத்தில் நடுவாக உட்கார்ந்தவர் உன் பெரியப்பா தட்சிணாமூர்த்தி. அவருக்கு வலது பக்கம் உன் அப்பா. பரிசம் போடுகிற இடத்துக்கு மாப்பிள்ளை வரக் கூடாது என்று எத்தனை சொல்லியும் கேட்காமல் வந்து, சுவரோரம் சாய்ந்துகொண்டிருந்தவன் நீ. எதிரே பெண்ணின் அப்பா கலியபெருமாள், தையற்கடை வைத்திருந்தவர். அவர் பக்கத்தில் பெண்ணின் தாய்மாமன் ராசேந்திரன், பரங்கிப்பேட்டையிலிருந்து வந்தவர். முதல் பந்தியில் உட்கார்ந்து கடைசிப் பந்தியில் எழுந்தவர். உள்ளே அடுக்களையில் நான், உன் பெரியம்மா தனகோடி, உன் அக்கா மங்கை, பெண்ணின் அம்மா செல்வாம்பாள். அறைக் கதவுக்குப் பின்னால் தேன்மொழி, மாம்பழ நிறப் புடவையில். அவ்வளவு பேர்தான். இரண்டாயிரத்து நான்கு, ஆவணி மாதம். எனக்கு எதுவும் மறக்காது என்று உனக்குத் தெரியும்.

இதை நேரிலேயே சொல்லலாம். சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு கடைக்குக் கிளம்பிவிடுவாய். அதனால் எழுதுகிறேன். என் படிப்பு ஐந்தாவதோடு நின்றது. மிச்சம் எழுத்தெல்லாம் கடைக்கு வரும் தினசரியையும் பொட்டலம் கட்டி வந்த தாளையும் படித்துப் பழகியதுதான். தேன்மொழி பார்த்தால் பிழை திருத்துகிறேன் என்பாள். அவளிடம் காட்டவில்லை. நீ படித்துவிட்டு யாரிடம் வேண்டுமானாலும் காட்டு. ஊரே படித்தாலும் எனக்குச் சங்கடம் இல்லை. கல்யாண வயதில் பிள்ளை வைத்திருக்கிற எந்தத் தாய்க்கும் இது உதவும்.

நம் பக்கத்து வழக்கம் உனக்குத் தெரியும். பரிசப் புடவை, வெற்றிலை பாக்கு, பழம், பூ எல்லாம் தட்டில் வைத்துச் சபை நடுவே வைப்பார்கள். இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் தட்டைக் கையில் எடுப்பதற்கு முன்னால், "வேற பேச்சு ஏதாச்சும் இருக்குதா?" என்று ஒருவர் கேட்பார். இருந்தால் அப்போதே சொல்லிவிட வேண்டும். நகையோ, சாப்பாட்டுச் செலவோ, பெண்ணின் படிப்போ, எதுவானாலும். தட்டு மாறிவிட்டால் அதற்குப் பிறகு சொல்வது பேச்சே இல்லை. சபையில் விழுந்த சொல்லை யாரும் மீற மாட்டார்கள். விழாத சொல்லை யாரும் மதிக்கவும் மாட்டார்கள். கடன் பத்திரத்தைக் கிழித்துப் போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். தட்டு மாற்றிச் சொன்ன வார்த்தையை மாற்றியவர்களை நம் சனத்தில் நான் பார்த்ததில்லை.

அன்றைக்கு அடுக்களையில் என்ன நடந்தது என்றால், நான் அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தபோது செல்வாம்பாள் பக்கத்தில் வந்து என் முழங்கையைத் தொட்டாள். "அண்ணி, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். நகை நட்டுல கொறை வெக்க மாட்டோம். பொண்ணு கணக்குல டிகிரி முடிச்சிருக்குது. பி.எட். படிச்சா டீச்சர் ஆயிடும். கல்யாணத்துக்கப்புறம் அதை மட்டும் நிறுத்திப்புடாதீங்க" என்றாள். "இதுக்குப் போயி ஏன் அண்ணி இவ்ளோ தயங்கறீங்க? படிக்கட்டும். எங்க வீட்லயும் ஒரு டீச்சர் இருக்கட்டும்" என்றேன். தனகோடி அக்கா தேங்காய் துருவிக்கொண்டே "நல்லாத்தான் இருக்கும்" என்றாள். அதோடு என் புடவையைப் பார்த்து, "இது மங்கை கல்யாணத்துக்கு எடுத்ததுதானே?" என்றும் கேட்டாள். அதை நான் வெகுநாள் மனதில் வைத்திருந்தேன். அது வேறு கதை.

உடனே மங்கையை அனுப்பி உன் அப்பாவை அடுக்களை வாசலுக்குக் கூப்பிட்டேன். விஷயத்தைச் சொன்னேன். "நல்ல விஷயம்தானே. சபையில சொல்லிடறேன்" என்றார். செல்வாம்பாளைப் பார்த்துத் தலையையும் அசைத்தார். அவள் முகம் எப்படி மலர்ந்தது தெரியுமா? ஓடிப்போய்க் கதவுக்குப் பின்னால் இருந்த மகளிடம் சொன்னாள். அங்கே வளையல் சத்தம் கேட்டது.

பிறகு கூடத்தில் பெரியப்பா தட்டை முன்னால் இழுத்து வைத்துக்கொண்டு கேட்டார். "ஆம்பளைங்கள்ல யாருக்காச்சும் வேற பேச்சு இருக்குதா?" நான் வாசலில் நின்று உன் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் வெற்றிலைக் காம்பைக் கிள்ளினார். பெரியப்பா இன்னொரு தரமும் கேட்டார். அவர் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவினார். கலியபெருமாள் பெண் வீட்டுக்காரர். நம் பக்கம் சொல்லும் என்று நம்பிக் காத்திருந்தார். தட்டு மாறிவிட்டது. ராசேந்திரன் "சாப்பாடு ரெடியா?" என்றார்.

திரும்பி வரும் பஸ்ஸில் கேட்டேன். "ஏன் சொல்லல?" என்றேன். "அண்ணன் இருக்கும்போது நான் என்னாத்த பேசறது? போவப் போவப் பாத்துக்கலாம். நம்ம வூட்டு விசயம்தானே" என்றார். நானும் அது சரிதான் என்று நினைத்தேன். நாங்கள் எல்லாரும் செய்த தவறு அதுதான். அடுக்களையில் பேசி முடித்தது தானாக நடந்து கூடத்துக்குப் போய்விடும் என்று நம்பினோம்.

கல்யாணம் முடிந்து அடுத்த வருஷம் ஆனி மாதம், கலியபெருமாள் சிதம்பரத்திலிருந்து கிளம்பி முதுநகரில் நம் உரக்கடைக்கே வந்தார். காலேஜில் அட்மிஷன் தொடங்கியிருந்தது. மூட்டைகளுக்கு நடுவே போட்டிருந்த ஸ்டூலில் உட்கார்ந்து, சிரித்த முகமாகத்தான் கேட்டார். கடைக்குச் சாப்பாடு எடுத்து வந்த நானும், கடையில் இருந்த நீயும் அங்கே நின்றோம். பெரியப்பா கல்லாவை விட்டு அசையாமல், "படிப்பா? அப்படி ஒரு பேச்சு இல்லையே சம்பந்தி. சபையில யாரு சொன்னா?" என்றார். "சபையில இல்ல, வூட்ல பேசிக்கிட்டாங்க. மாப்பிள்ளையோட அப்பாவுக்குத் தெரியும்" என்றார் அவர். எல்லாரும் உன் அப்பாவைப் பார்த்தோம். உன் அப்பா ஒரு யூரியா மூட்டையின் தையலைப் பிரித்துக்கொண்டிருந்தார். நிமிராமலேயே சொன்னார்: "எனக்கு ஞாபகம் இல்லையே."

எனக்கு ஞாபகம் இல்லையே. சரவணா, அந்த மூன்று சொல்லைக்கூட வேண்டாம், அதில் இருந்த அமைதியைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. கலியபெருமாள் ஸ்டூலிலிருந்து எழுந்தார். "பரவால்ல, நான்தான் தப்பாப் புரிஞ்சுக்கிட்டேன் போல" என்றார். பொய் சொல்லாத மனிதனைப் பொய்யன் ஆக்கி அனுப்பினோம். அவர் வீட்டுக்கு வந்து மகளைப் பார்த்துவிட்டுப் போனார். தேன்மொழி அவருக்குக் காபி போட்டுக் கொடுத்தாள். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூடப் போனாள். வந்து அரிசி களைந்தாள். அவள் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் என் பாரம் குறைந்திருக்கும். கேட்கவில்லை.

ஒரு வீட்டின் வரவு செலவைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன், கேள். உன் அப்பா பேசாததற்குக் காரணம் பயம் மட்டும் இல்லை. அண்ணன் தம்பி கூட்டுக் கடை என்று பேர். கல்லாச் சாவி பெரியப்பா இடுப்பில். உன் அப்பாவுக்குச் சம்பளம் என்று ஒன்று கிடையாது. வேண்டும்போது கேட்டு வாங்கிக்கொள்வார். நீயும் டிப்ளமா முடித்துவிட்டு அப்படித்தான் கடையில் நின்றாய். சோற்றுக்குக் குறைவில்லை, துணிக்குக் குறைவில்லை, தீபாவளிக்கு எல்லாருக்கும் ஒரே கடையில் ஒரே விலையில் எடுத்துக் கொடுப்பார் பெரியப்பா. அதில் அவர் மேல் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் தனக்கென்று ஒரு வருமானம் இல்லாதவனுக்கு, தன் பெண்டாட்டியோ மருமகளோ படிக்கலாமா வேண்டாமா என்று சொல்ல வாய் வருவதில்லை. இது எனக்கு அப்போது புரியவில்லை. "வாயில்லாத மனுஷன்" என்று மட்டும் திட்டிக்கொண்டிருந்தேன். புரிந்த பிறகும் கோபம் குறையவில்லை. கொஞ்சம் விவரமான கோபமாக மாறியது, அவ்வளவுதான்.

தேன்மொழி சும்மா இருக்கவில்லை என்பது உனக்கே தெரியும். திருப்பாப்புலியூரில் நம் தெருப் பிள்ளைகளுக்கு மாலையில் கணக்கு சொல்லிக் கொடுக்கத் தொடங்கினாள். யாழினி வயிற்றில் இருந்தபோதும் சொல்லிக் கொடுத்தாள், பிறந்து தொட்டிலில் கிடந்தபோதும் ஒரு கையால் தொட்டிலை ஆட்டிக்கொண்டே சொல்லிக் கொடுத்தாள். பெரியப்பாவே தன் பேரனைக் கொண்டுவந்து விட்டார், காசு கொடுக்காமல். அதையும் நான் மறக்கவில்லை.

இரண்டாயிரத்து எட்டில் உன் அப்பா போனார். ஆஸ்பத்திரியில் கிடந்த நாளெல்லாம் பக்கத்திலேயே இருந்தேன். அவர் கேட்டதெல்லாம் மிளகு ரசம். உன்னைக் கேட்டார், மங்கையைக் கேட்டார், யாழினியின் கையைப் பிடித்து விரல்களை எண்ணி விளையாடினார். அந்த ஒரு விஷயத்தைச் சொல்வார் சொல்வார் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. நல்ல மனிதர்தான். பண்ருட்டிக்குப் போய் வந்தால் பலாப்பழம் இல்லாமல் வர மாட்டார். கையில் எண்ணெய் தடவிக்கொண்டு வாசலில் உட்கார்ந்து அறுத்து, தெரு முழுக்கக் கொடுத்துவிட்டுக் கடைசியில் சுளை இல்லாத சக்கையோடு உள்ளே வருவார். என்னைக் கை நீட்டி அடித்ததில்லை. ஒரு வசவு சொன்னதில்லை. இப்போதும் அமாவாசைக்கு அவருக்குப் பிடித்ததெல்லாம் செய்து படைக்கிறேன், ஒன்றும் குறை வைப்பதில்லை.

வருஷத் திதி முடிந்ததும் நான் செய்த காரியம் உனக்குத் தெரியும். ஆனால் நீ கடையிலிருந்து பாதியில் வந்து சேர்ந்தாய், முன்பாதி உனக்குத் தெரியாது. வைகாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சம்பந்தி இரண்டு பேரையும் சிதம்பரத்திலிருந்து வரச் சொன்னேன். பெரியப்பாவைச் சாப்பிடக் கூப்பிட்டேன். கூடத்தில் ஜமக்காளம் விரித்து, வெற்றிலை பாக்கு பழம் வைத்துத் தட்டை நடுவில் வைத்தேன்.

"என்னாம்மா இது? யாருக்குப் பரிசம் போடறே?" என்றார் பெரியப்பா.

"யாருக்கும் இல்ல மாமா. அன்னிக்குச் சிதம்பரத்துல ஒரு பேச்சு விட்டுப்போச்சு. அத இன்னிக்குச் சொல்லி, தட்ட மாத்திக்கலாம்னு."

"அது முடிஞ்சிபோன சபை. தெனம் தெனம் தட்டு மாத்துவாங்களா? அதுவுமில்லாம..." என்று என் நெற்றியைப் பார்த்தார். "நீ தட்டைத் தொடலாமா? அதுக்கு ஒரு மொற இருக்குதில்ல?"

எனக்குக் காது சுட்டது. கலியபெருமாள் தரையைப் பார்த்தார். செல்வாம்பாள் பெண் வீட்டுக்காரி, நம் பக்கத்துத் தட்டை அவள் எடுக்க முடியாது. தட்டு அப்படியே கிடந்தது. அந்த நேரத்தில்தான் தனகோடி அக்கா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு அடுக்களையிலிருந்து வந்தாள். குனிந்து தட்டை எடுத்தாள்.

"நான் தொடலாமில்ல? எனக்குத்தான் நீங்க குத்துக்கல்லாட்டம் ஒக்காந்திருக்கீங்களே. புடிங்க."

"ஏய், நீ எதுக்கு நடுவுல?"

"அன்னிக்கு அடுக்களையில நானும்தான் இருந்தேன். எங்காதுலயும்தான் வுழுந்துது. பொண்ணைப் படிக்க வெக்கிறோம்னு சொன்னது நெசம்."

"அப்பவே ஏன்டி சொல்லல?"

"ஆம்பளைங்கள்ல யாருக்காச்சும் பேச்சு இருக்குதான்னுதானே கேட்டீங்க? என்னை எங்க கேட்டீங்க?"

கலியபெருமாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. துண்டால் வாயை மூடிக்கொண்டார். பெரியப்பா தட்டை வாங்கிவிட்டார். வாங்கிய பிறகுதான் வாங்கியது அவருக்கே தெரிந்தது. தட்டு கையில் இருக்கும்போது மனிதன் கீழே வைத்துவிட்டு எழுந்து போக முடியாது பார். "சரி, படிக்கட்டும். ஆனா கடைக் காசு வராது" என்றார். கதவோரம் நின்ற தேன்மொழி, "வேணாம் பெரியமாமா. டியூஷன் காசு சேத்து வெச்சிருக்கறேன்" என்றாள். நான் அதோடு விடவில்லை. "இன்னொரு பேச்சும் இருக்குது மாமா. சரவணனுக்கு மாசச் சம்பளம் போடணும்" என்றேன். தட்டைப் பார்த்தார், பெண்டாட்டியைப் பார்த்தார், தலையை ஆட்டினார். நீ அந்த நேரத்தில்தான் உள்ளே வந்து, "என்னா விசேஷம்?" என்று கேட்டாய். தனகோடி அக்கா சொன்ன புடவைப் பேச்சை அன்றைக்கே மன்னித்துவிட்டேன். அவளிடம் அதைச் சொல்லவில்லை; சொன்னால் எதை என்று கேட்பாள்.

அதற்குப் பிறகு வந்த ஒரு வருஷத்தை நினைத்தால் எனக்கு இப்போதும் மனம் நிறைகிறது. அவள் வாரமெல்லாம் சிதம்பரத்தில் அம்மா வீட்டில் தங்கிப் படித்தாள். நீ யாழினிக்குச் சடை போடக் கற்றுக்கொண்டாய். ஒன்று காதுக்கு மேலே, ஒன்று தோளுக்குக் கீழே. "பொண்டாட்டி காலேஜுக்குப் போறா, புருஷன் சடை பின்றான்" என்று பெரியப்பா கடையில் எல்லார் முன்னாலும் சொன்னபோது, "வாங்க பெரிப்பா, ஒங்களுக்கும் பின்னி வுடறேன்" என்றாயே. அவர் வழுக்கையைத் தடவிக்கொண்டு சிரித்தது கடை முழுக்கக் கேட்டதாம். என் பிள்ளைக்கு வாய் இருக்கிறது என்று எனக்கு அன்றைக்கு ஒரு நம்பிக்கை வந்தது. அவள் பாஸ் செய்தாள், இங்கேயே ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தாள். போன வருஷக் கடைசியில் அடித்த புயலில் முந்திரித் தோப்பெல்லாம் சாய்ந்து, உரம் வாங்க ஆள் இல்லாமல் கடை காற்றாடியபோது, நம் வீட்டில் உலை கொதித்தது அவள் சம்பளத்தில். அதை நீயும் அறிவாய், பெரியப்பாவும் அறிவார்.

இப்போது அரசாங்க வேலைக்கு ஆர்டர் வந்திருக்கிறது. திட்டக்குடிப் பக்கம். போன புதன்கிழமை பெரியப்பா இங்கே சாப்பிட வந்தபோது பேச்சு வந்தது. "கவர்மென்ட் வேலைதான், நல்லதுதான். ஆனா அவ்ளோ தூரம் தெனமும் போவ முடியுமா? குடும்பத்தைத் தூக்கிட்டுப் போனா கடையை யாரு பாக்கறது, அம்மாவை யாரு பாத்துக்கறது? நீ என்னாடா சொல்ற?" என்று கேட்டார். நீ இலையை மடித்துவிட்டு எழுந்து கை கழுவப் போனாய். தேன்மொழி சாம்பார் வாளியோடு அப்படியே நின்றாள். அவள் உன்னைப் பார்க்கவில்லை சரவணா. மடித்த இலையைப் பார்த்தாள்.

அதனால்தான் எழுதுகிறேன். முதலில், என்னைக் காரணம் காட்டாதே. எனக்குக் காலும் கையும் நன்றாக இருக்கின்றன. தனகோடி அக்கா அடுத்த தெருவில் இருக்கிறாள்; நாங்கள் இரண்டு பேரும் பழைய சண்டைகளைப் பேசி முடிக்கவே இன்னும் பல வருஷம் வேண்டும். பொங்கலுக்கு நீங்கள் வாருங்கள், கோடை விடுமுறைக்கு நான் வருகிறேன். இரண்டாவது, கடையைக் காரணம் காட்டாதே. அங்கே மேற்கே பருத்தி, மக்காச்சோளம், கரும்பு. எந்த மண்ணுக்கு எந்த உரம் என்று தெரிந்தவனுக்கு அங்கே பிழைப்பு இல்லாமல் போகுமா? முதலில் யாரிடமாவது சம்பளத்துக்கு நில். பிறகு உன் பேரில் சின்னதாக ஒன்று வை. சாவி உன் இடுப்பில் இருக்கட்டும். அவள் சம்பளம் அவள் பேரில் பேங்கில் விழட்டும். வீட்டுச் செலவுக்கு யார் எவ்வளவு என்று உட்கார்ந்து பேசுங்கள். அவள் பெரிய சம்பளம், நான் சின்னச் சம்பளம் என்று நீ முறுக்கிக்கொள்ளாதே. யாழினியைச் சடை பின்னி அனுப்பியவனுக்கு அதெல்லாம் ஒரு குறையா? வீடு பார்க்கும்போது தண்ணீர் வசதியைப் பார், பள்ளிக்கூடத்துக்கு நடந்து போகிற தூரமா பார். அவளைத் தினம் பஸ்ஸில் போய் வரச் சொல்லி, பாதி உயிராக வீட்டுக்கு வரவைத்து, பிறகு "வேலைய விட்டுடேன்" என்று அன்பாகச் சொல்கிற வேலை வேண்டாம். அன்பாகச் சொல்லியே எத்தனை பெண்களை வீட்டில் உட்கார வைத்திருக்கிறார்கள் என்று நான் பார்த்திருக்கிறேன்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை பெரியப்பா எல்லாரையும் கூப்பிட்டிருக்கிறார். சம்பந்தி வீட்டாரும் வருகிறார்கள். கூடத்தில் உட்கார்ந்து அவர் கேட்பார், "வேற பேச்சு இருக்குதா?" என்று. பழக்கம் விடாது. போன தரம் நான் பேசினேன். தனகோடி அக்கா பேசினாள். தேன்மொழிக்குப் படிப்புக் கிடைத்தது. ஆனால் கட்டியவன் வாயிலிருந்து அவளுக்காக ஒரு சொல் சபையில் விழவில்லை. அதற்காக அவள் இன்னும் காத்திருக்கிறாள். என்னிடம் சொன்னதில்லை. எனக்குத் தெரியும். இந்தத் தரம் நான் வாயைத் திறக்க மாட்டேன். தனகோடி அக்காவிடமும் சொல்லிவிட்டேன். அவர் கேட்கும்போது நீ வெற்றிலையைப் பார்க்காதே, இலையைப் பார்க்காதே, அவர் முகத்தைப் பார்த்துச் சொல். "நாங்க போறோம் பெரிப்பா." அவ்வளவு போதும். அவர் கத்துவார். கத்திவிட்டு, மூட்டை முடிச்சு ஏற்ற வண்டி பிடித்துத் தருவார். எனக்கு அவரைத் தெரியும்.

பெரியப்பாவை நான் எப்போதோ மன்னித்துவிட்டேன். அவர் தெரியாததைத் தெரியாது என்றார். ராசேந்திரனை, தனகோடி அக்காவை, அன்றைக்குக் கடையில் பேசாமல் நின்ற உன்னைக்கூட மன்னித்தேன். உனக்கு அப்போது எதுவும் புரியாத வயது. தெரிந்தே, தலையசைத்துச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு, பிறகு ஞாபகம் இல்லை என்று சொன்ன ஒருவரை மட்டும் மன்னிக்கவில்லை. அவரோடு வாழ்ந்ததில் எனக்கு வருத்தம் இல்லை, மறுபடி கேட்டாலும் அவருக்கே கழுத்தை நீட்டுவேன், அதற்கப்புறமும் மன்னிக்க மாட்டேன். கல்யாணமான நாளிலிருந்து அவர் பேரை நான் வாயால் சொன்னதில்லை. ரேஷன் கடையில் கேட்டால்கூட மங்கையை விட்டுத்தான் சொல்லச் சொல்வேன். சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லாமல் இருப்பது எவ்வளவு பெரிய தப்பு என்று உனக்கு எழுதிவிட்டு, நானே வாயை மூடிக்கொண்டிருக்கக் கூடாது.

பக்கிரிசாமி.